மூன்று முறை கேட்கும் பெட்டி

மாப்ளே,

நான் அன்றைக்கே சொன்னேன். கரண்ட் கம்பி ஒரு நாள் வாய் திறந்து பேசும் என்று சொன்னேன். பேச ஆரம்பித்தால் திக்கும் என்றும் சொன்னேன். திக்குவாயைச் சரி செய்த பிறகும் ஒரு நாள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொன்னேன். மூன்றும் அப்படியே நடந்துவிட்டது. எட்டாவது வரை படித்தவன் நான். அதிலும் ஏழாவதை அவசரப்படாமல் இரண்டு வருடம் படித்தவன். இந்தச் சேர்வராயன் மலையில் என்னைப் போல் முன்கூட்டியே சொன்னவன் வேறு யாராவது உண்டா, சொல்.

இன்று காலை கரண்ட் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் என் பல்பர் ஹவுஸ் சுவரில் மீட்டருக்குக் கீழே இருந்த பெட்டியைக் கழற்றினார்கள். மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. சூடேறிய வார்னிஷும் பழைய தூசியும் கலந்த வாசனை. அதை முதன்முதலில் மாட்டிய நாளில் நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு, "பொங்கலுக்கு அடுப்புல பிளாஸ்டிக்கு உழுந்த மாதிரி இருக்குதுங்க மாமா" என்றாயே, அதே வாசனை. பெட்டி இருந்த இடத்தில் சுவர் சதுரமாக, வெள்ளையாக இருக்கிறது. சுற்றியுள்ள சுவருக்குத்தான் வயசாகியிருக்கிறது.

வந்தவர்களில் ஒருவர் போர்மேன். தொப்பையும் நரைத்த மீசையுமாக இருந்தார். திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டே பேசினார்.

"பழைய சாமானுங்க. இதுக்கு ஸ்பேரே கெடைக்கறதில்லீங்க. இனிமேட்டு ஆளு நடந்து வந்துதான் கணக்கெடுக்கோணும்."

எனக்குக் காது குளிர்ந்தது. "அப்ப எங்க மாப்ளையையே மறுபடி அனுப்புவீங்களா? முன்ன இங்க கணக்கெடுத்துட்டு இப்ப சேலம் ஆபீசுல உக்காந்திருக்கறாரே, அவரு?" என்றேன்.

போர்மேன் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "அவருங்களா? அவரு தவறிப் போயி மூணு நாலு மாசம் ஆவுதுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும், தெரியும். எனக்குத் தெரியாம இருக்குமா?" என்று சொல்லிவிட்டேன்.

வாய் பழக்கம், மாப்ளே. எதைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லிப் பழகிய வாய். அவர்கள் ஜீப் வளைவு திரும்பும் வரை அப்படியே நின்றேன். பிறகு உள்ளே வந்து மூட்டை மேல் உட்கார்ந்தேன். மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னேன். இதை மட்டும் சொல்லவில்லை.

உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எஸ்டேட்டில் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவி வரை என்னை மாமா என்று கூப்பிட்டதால் நீயும் கூப்பிட்டாய். மாமா என்று கூப்பிட்டவனை மாப்ளே என்றுதானே கூப்பிட வேண்டும்? எழுபதுகளின் கடைசியில், நீ முதன்முதலாகக் குடையும் தோல்பையுமாக மேலே வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைச்சோலை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, வழியில் ஆறு வீட்டு மீட்டர்களையும் பார்த்துவிட்டு, ஏழாவதாக, மூச்சிரைக்க என்னிடம் வந்தாய். லைன் என்னோடு முடிகிறது. எனக்குப் பிறகு கம்பி இல்லை, காப்பிச் செடியும் பனிமஞ்சும்தான்.

வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிப் படுத்துக்குங்க" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாய்க்கே ‘ங்க’ போட்டுப் பேசுகிற மனிதனை நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏனுங்க மாமா, காப்பித் தண்ணி ஏதாச்சும் கெடைக்குமுங்களா?"

"காப்பிக் காட்டுக்கு வந்து காப்பி கெடைக்குமான்னு கேக்கறயே. உக்காரு மாப்ளே."

அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வந்தாய். மீட்டரைப் பார்க்க ஒரு நிமிடம், என்னைப் பார்க்க ஒரு மத்தியானம். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் நான் சொன்ன கதைகளைக் கேட்டுவிட்டுப் பெண் வீட்டார் இரண்டு நாள் அவகாசம் கேட்பார்கள், அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. சீசனில் பழம் கொண்டுவரும் பெண்கள் வருவார்கள். சனிக்கிழமை கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நானும் பல்பரை ஓட்டும் ஐந்து குதிரை சக்தி மோட்டாரும்தான். அதனால் நீ வரும் வாரம் வந்தால் சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொள்வேன். ஒரு காட்டுமாடு வாசலுக்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த தடவை இரண்டு மாடு. அதற்கடுத்த தடவை அவை மூன்றாகி, ஒன்றை நான் கொம்பைப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தேன். நீ ஒரு நாளும் ‘பொய்’ என்று சொன்னதில்லை. "போன தடவ வந்த மாடு கன்னு போட்டிருச்சுங்களாட்டம் இருக்குது" என்று மட்டும் சொல்வாய்.

எண்பதுகளில்தான் அந்த இன்ஜினியர் தம்பி வந்தான். ஒல்லியாக, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, கீழே ஏதோ காலேஜில் ஆராய்ச்சி செய்கிறவன். கரண்ட் வருகிற அதே கம்பியிலேயே மீட்டர் கணக்கையும் அனுப்பலாம் என்றான். ஏழு மீட்டருக்குக் கீழும் ஏழு பெட்டி. பஸ் நிறுத்தத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒரு பெரிய பெட்டி. அங்கே நின்று பொத்தானை அமுக்கினால், பெரிய பெட்டி கம்பி வழியாக ஒவ்வொரு மீட்டரையும் கேட்கும், மீட்டர் பதில் சொல்லும், பெட்டியின் கண்ணாடியில் எண் வரும். மேலே யாரும் ஏற வேண்டாம்.

"இது நான் சின்ன வயசுலயே யோசிச்சதுதான் தம்பி" என்றேன். கம்பத்தில் காது வைத்தால் ‘ம்ம்’ என்று கேட்குமே, அதைக் கேட்டு ஆறாவது வாத்தியாரிடம் சொல்லி அடி வாங்கியதையும் சொன்னேன். அந்தத் தம்பி மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நீ பின்னால் நின்று சிரித்தாய்.

ஆனால் உனக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. உன் முழங்கால் இரண்டும் போயிருந்தது. இறக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவாய். மேலதிகாரி உன்னிடம் சொல்லியிருந்தார்: இந்தச் சோதனை தேறினால் உனக்குச் சேலம் ஆபீசில் நாற்காலி. தேறாவிட்டால் மலைதான். மலை முடியாது என்றால் வேலையை விட்டுப் போகலாம். இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருந்தவன் நீ. தேறுவது என்றால் ஏழு மீட்டரும் பதில் சொல்ல வேண்டும். ஆறு போதாது.

ஆறு பதில் சொன்னது. ஏழாவது, என்னுடையது, ஊமை.

முதலில் ஆறும்கூட ஒழுங்காகப் பேசவில்லைதான். மஞ்சு இறங்கி கம்பத்துப் பீங்கான் நனைந்தால், சில்வர் ஓக் மரத்துக் கிளை கம்பியில் உரசினால், எண் மாறி வரும். ஒரு வீட்டில் குண்டு பல்பு மட்டும் எரிந்தபோது பெட்டி அரிசி மில் அளவுக்குக் கணக்கு காட்டியது. அதற்கு அந்தத் தம்பி ஒரு வழி செய்தான். பெரிய பெட்டி இனிமேல் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கும். மூன்றில் இரண்டு பதிலாவது ஒன்றாக இருந்தால்தான் நம்பும். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து கேட்கும்.

அதைக் கேட்டதும் நீ சொன்னாய்: "நல்லவேளைங்க தம்பி, அந்தப் பொட்டியை எங்க மாமா வாயில மாட்டலீங்க. மாமாவ மூணு தடவ கேட்டா நாலு கணக்கு வருமுங்க."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

ஆனால் எத்தனை முறை கேட்டாலும் என் மீட்டர் வாய் திறக்கவில்லை. அந்தத் தம்பி பெட்டியை மாற்றினான். லைனில் முறுக்கிக் கட்டியிருந்த இணைப்புகளை எல்லாம் பிரித்துச் சுரண்டிப் புதிதாகக் கட்டச் சொன்னான். சத்தத்தைக் கூட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. "தூரம் அதிகம்போல இருக்குங்க" என்று தலையைச் சொறிந்தான். தூரம்தான் காரணம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது, மாப்ளே. என் மீட்டர் ஊமையாக இருக்கிற வரைக்கும் நீ வருவாய் அல்லவா? உன் முழங்காலைப் பார்க்கும்போது அந்த நிம்மதி கசக்கும். நீ கண்ணில் படாதபோது மறுபடி இனிக்கும்.

இப்போது மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பியின் ஜீப் கீழே டிரான்ஸ்பார்மர் வளைவில் நின்று ஹாரன் அடித்தால் இங்கே கேட்கும். கேட்டதும் நான் மோட்டாரைப் போட்டுவிடுவேன். விருந்தாளி வந்தால் மேளம் அடிக்க வேண்டாமா? சீசனாக இருந்தால் பழம் ஓடும். சீசன் இல்லாத நாளில் வெறும் மிஷின் ஓடும். பெல்ட்டு படபடக்க, தரை அதிர, தூரத்தில் ஜீப்பில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி ஓடும். இந்த எஸ்டேட் மோட்டாரை எப்படி வைத்திருக்கிறேன் பார் என்று காட்டத்தான். ஜீப் திரும்பிப் போகும் ஹாரன் கேட்ட பிறகுதான் நிறுத்துவேன். இது என் வழக்கம். நீயும் கேலி செய்திருக்கிறாய்: "கவர்னர் வந்தாக்கூட இத்தன சத்தம் இருக்காதுங்க."

கடைசிச் சோதனைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அன்றும் என் மீட்டர் பேசாவிட்டால் எல்லாப் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போவதாக அந்தத் தம்பி சொல்லியிருந்தான். பெட்டி காட்டும் எண்ணோடு ஒத்துப் பார்க்க, யாராவது ஒவ்வொரு மீட்டரையும் நேரில் பார்த்து எழுத வேண்டும். அந்த வேலை உன்னுடையது. மழைத் தூறலில், காய்ச்சலோடு, ஆறு வீட்டையும் முடித்துவிட்டு என் வாசலுக்கு வந்தாய். குடையை மடக்கக்கூட உனக்கு விரல் வரவில்லை.

"ஒரு காய்ச்சலும் இல்லீங்க மாமா. சும்மா ஒடம்பு சூடு."

"பேசாம படு."

காலிச் சாக்குகளை விரித்து, மேலே இரண்டு சாக்கு போர்த்திப் படுக்க வைத்தேன். சாக்குக்குள்ளிருந்து உன் மூக்கும் மீசையும்தான் தெரிந்தது. அப்போது வளைவில் ஹாரன் கேட்டது. என் கை தானாக சுவிட்சுக்குப் போனது.

"மாமா."

"என்ன மாப்ளே?"

"இன்னைக்கு ஒரு நாளு அதப் போடாதீங்க. தரை அதிர்றது மண்டைக்குள்ள அடிக்குதுங்க."

கையை எடுத்துவிட்டேன். அந்த மோட்டார் என்னிடம் வந்த பிறகு, ஹாரன் கேட்டு அது ஓடாமல் இருந்தது அன்றைக்குத்தான். பல்பர் ஹவுசில் அத்தனை அமைதி இருக்க முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது. தகரத்தில் தூறல் விழுவது கேட்டது. நீ மூச்சு விடுவது கேட்டது. நாய் தன் வாலால் தரையைத் தட்டுவது கேட்டது. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கதைகூடச் சொல்லவில்லை.

அந்தத் தம்பி ஓடி வந்தான். ஜீப்பில் வரவில்லை, ஓடி வந்தான். மப்ளர் எங்கேயோ விழுந்திருந்தது.

"மாமா! பேசிருச்சு! மூணு தடவையும் ஒரே நம்பர்! நீங்க என்ன செஞ்சீங்க?"

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் நான் நானாக இருக்க முடியுமா? "எல்லாம் தெரிஞ்சுதான் தம்பி செஞ்சேன். மோட்டாரப் போடல" என்றேன்.

சாக்குக்குள்ளிருந்து உன் சிரிப்பு வந்தது. இருமலோடு கலந்த சிரிப்பு.

ஆனால் அந்தத் தம்பி சிரிக்கவில்லை. மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றான். "ஒவ்வொரு தடவையும் நான் வரும்போது இது ஓடிட்டுத்தான் இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு எனக்கு ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டு ஜீப்புக்கு ஓடினான். ஒரு ஹாரன் அடித்தால் நான் மோட்டாரைப் போட வேண்டும், இரண்டு அடித்தால் நிறுத்த வேண்டும். போட்டால் மீட்டர் ஊமை. நிறுத்தினால் பேச்சு. மேலே வந்து மோட்டாருக்குப் பக்கத்தில் தொங்கிய கெப்பாசிட்டர் டப்பாவின் வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி கீழே போனான். இப்போது மோட்டார் ஓடும்போதும் மீட்டர் பேசியது.

மோட்டார் கரண்டை வீணாக இழுக்கிறது என்று கரண்ட் ஆபீஸ் அபராதம் போடாமல் இருக்க எஸ்டேட்காரர்கள் மோட்டாருக்கு மாட்டும் டப்பா அது. மோட்டார் ஓடும்போது அதுவும் சேர்ந்து வேலை செய்யும். மீட்டர் அனுப்பும் சின்னக் குரலை, கம்பியில் நாலடி போவதற்குள் அந்த டப்பா குடித்துவிடுகிறது என்று அந்தத் தம்பி விளக்கினான். அடுத்த வாரம் செம்புக் கம்பியைச் சுற்றி ஒரு சுருள் செய்து கொண்டுவந்தான். மீட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் அதை வைத்தால் கரண்ட் தாராளமாகப் போகும், மீட்டரின் குரல் மட்டும் டப்பா பக்கம் போகாமல் தடுக்கப்பட்டு லைன் பக்கமே திரும்பும். டப்பாவை மறுபடி மாட்டினான். மோட்டாரும் ஓடியது, மீட்டரும் பேசியது. கெட்டிக்காரப் பிள்ளை. நான் சொல்லிக்கொடுத்துத்தான் செய்தான் என்று தலைச்சோலையில் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறேன், அவன் கோபித்துக்கொள்ளவா போகிறான்?

உனக்கு நாற்காலி கிடைத்தது. கடைசியாக விடைபெற வந்தபோது ஜீப்பிலேயே வந்தாய். வெள்ளைச் சட்டை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாய்: "இனிமே கீழ எறங்கறதப் பத்தி கவலையில்லீங்க மாமா. எங்க ஊட்டுக்கு ஒரு நடை வாங்க. நொம்ப தூரமில்லீங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து பொடிநடைதான்."

"நீ வா மாப்ளே. கணக்கெடுக்க வேண்டாம். சும்மா வா."

"வர்றனுங்க."

மோட்டாரைப் போட்டுத்தான் உன்னை வழியனுப்பினேன். ஜீப் போன பிறகும் நெடுநேரம் அதை நிறுத்தவில்லை.

அப்புறம் நீ வந்தாயே, அந்தக் கதையையும் எழுதிவிடுகிறேன். மாம்பழ சீசன். பெருமழை. பஸ்ஸில் வந்து இறங்கி, முழங்கால் வலியோடு, கையில் சேலத்து மாம்பழப் பையோடு மேலே ஏறி வந்தாய். மீட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னைக்கு உங்களத்தான் ரீடிங் எடுக்க வந்திருக்கறனுங்க மாமா" என்றாய். நாயைப் பார்த்து, "தள்ளி உக்காருங்க" என்றாய். இருவரும் சாற்றை முழங்கையில் வழியவிட்டுச் சாப்பிட்டோம். சாயங்கால பஸ்ஸுக்கு உன்னைக் கைபிடித்து இறக்கிவிட்டேன். இதை ரைட்டரிடம் சொல்லியிருக்கிறேன், பழம் பறிக்கும் பெண்களிடம் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் சொல்லியிருக்கிறேன். ஒருவரிடம் மூன்று பழம், ஒருவரிடம் ஒரு டஜன், டீக்கடையில் ஒரு கூடை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கம்பி பேசிக்கொண்டே இருந்தது. யாரோ ஒருவர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பொத்தானை அமுக்கி, ஏழு எண்ணையும் எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். நான் இங்கே எவ்வளவு கரண்ட் எரித்தேன் என்று கீழே துல்லியமாகத் தெரியும். நான் இருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை, அதைக் கேட்க அந்தப் பெட்டியில் பொத்தான் இல்லை. எப்போதாவது மஞ்சு இறங்கும் நாட்களில், வீம்புக்கு ஒரு பல்பைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்து விளையாடுவேன். கணக்கு ஏறுவதைப் பார்த்து, ‘என்ன மாமா, இந்தத் தடவ இத்தன யூனிட்டு?’ என்று கேட்கவாவது நீ வரமாட்டாயா என்று.

போர்மேன் பெட்டியை எடுத்துக்கொண்டார். செம்புச் சுருளை விட்டுவிட்டுப் போய்விட்டார், அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறேன். கனமாக இருக்கிறது. இனி அது தேவையில்லை. மத்தியானம் வளைவில் பஸ் ஹாரன் அடித்தபோது என் கை வழக்கம்போல சுவிட்சுக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். சாக்குகள் கிடக்கும் மூலையைப் பார்த்தேன். அந்த அமைதி உன்னுடையது. அதை நீ என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். ஹாரன் கேட்கும்போதெல்லாம் இனி ஒரு நிமிடம் அதைக் காப்பாற்றிவிட்டு, அப்புறம்தான் மோட்டாரைப் போடுவேன்.

ஒன்று பாக்கி. ரைட்டரிடமும் டீக்கடையிலும் சொல்லாததை உன்னிடம் சொல்லலாம், எப்படியும் உனக்குத் தெரிந்ததுதான். அந்த மாம்பழக் கதை என் கைச்சரக்கு. மழை பெய்தது உண்மை. நான் வாசலில் நின்றது உண்மை. இப்போது என்னை அந்தப் பெட்டி கேட்கிற மாதிரி கேள், மாப்ளே. ஒரு முறை கேட்டாலும், இரண்டாம் முறை கேட்டாலும், மூன்றாம் முறை கேட்டாலும் என்னிடமிருந்து ஒரே கணக்குத்தான் வரும்.

நீ வரவில்லை.